சூடாகாத வாஷிங் மெஷின்: மலை வீட்டில் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்காமல் போனாலும் துவைக்கும் வேலை நிற்பதில்லை. தண்ணீர் ஏறும், டிரம் சுற்றும், அலசும், பிழியும். அதனால் இந்தப் பழுது பல மாதம் கண்ணில் படாமலே கிடக்கும். அடையாளங்கள் மெதுவாகத்தான் வெளியே வரும். கறுப்புத் துணியில் கரையாத சோப்புத் தூள் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருக்கும். தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. துவைத்த துண்டு ஒரே நாளில் வாடை அடிக்கும். சில மாடல்களில் மட்டும் திரையில் பிழைக்குறி வந்து மெஷின் பாதியில் நின்றுவிடும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இந்தப் பழுதுக்குத் தனிக் கவனம் தேவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மலையில், மார்கழி, தை மாதங்களில் தொட்டித் தண்ணீர் கையை விறைக்கவைக்கும். சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு மின்கம்பி நெடுந்தூரம் போகிறது. உதிரிப் பாகமும் மெக்கானிக்கும் பெரும்பாலும் நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கமிருந்து மேலே வரவேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தபின், கொண்டுவந்த பாகம் தேவையில்லாதது என்று தெரிந்தால் ஒரு நாள் வீண். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பதும், மெஷினுக்கு வெளியே உள்ள காரணங்களை முதலில் விலக்குவதும்தான் இதற்கு வழி.

முதலில் ஹீட்டர் இருக்கிறதா?

இரண்டு தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் ஹீட்டர் கிடையாது. மேலே திறக்கும் டாப் லோடு மெஷின்களில் பெரும்பாலானவற்றிலும் இல்லை. சில விலை கூடிய மாடல்களில் மட்டும் உண்டு. முன்பக்கம் கண்ணாடிக் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் பொதுவாக ஹீட்டர் இருக்கும். மெஷினின் பின்பக்கமோ கதவின் உள்விளிம்பிலோ ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். மொத்த மின்திறன் 1,800 முதல் 2,200 வாட் என்று இருந்தால் ஹீட்டர் உண்டு. சில நூறு வாட் மட்டும் என்றால் உள்ளே மோட்டாரும் பம்பும்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது புரோகிராம். ‘கோல்டு’ என்ற அமைப்பிலோ, விரைவாகத் துவைக்கும் புரோகிராமிலோ ஹீட்டர் வேலைக்கே வராமல் இருக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ‘ஈக்கோ’ புரோகிராம்கள் சில, 60 டிகிரி என்று பெயர் போட்டிருந்தாலும் அதற்குக் குறைவான சூட்டில் நீண்ட நேரம் துவைக்கும்படி அமைக்கப்பட்டவை. சோதனைக்கு ‘காட்டன் 60’ போன்ற நேரடிப் புரோகிராமே ஏற்றது.

உள்ளே நடப்பது என்ன?

டிரம்மைச் சுற்றியுள்ள வெளித் தொட்டியின் அடியில், வளைந்த எஃகுக் குழாயாக ஹீட்டர் பொருத்தப்பட்டிருக்கும். குழாய்க்குள் நிக்ரோம் கம்பிச் சுருள். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். அது சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. தண்ணீர் போதுமான அளவு ஏறியதை மட்டம் காட்டும் பிரஷர் சுவிட்ச் சொன்ன பிறகே, மெஷினைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் போர்டிலுள்ள ரிலே என்ற சுவிட்ச் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். வெப்பத்தை அளக்கும் சென்சார் போர்டுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். குறித்த சூடு வந்ததும் ரிலே துண்டிக்கும்.

ஆக, பிரஷர் சுவிட்ச், போர்டு, ரிலே, ஒயர், ஹீட்டர், சென்சார் என்று ஆறு இடங்களில் எங்கே அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றேதான்: தண்ணீர் சூடாகவில்லை. திரையில் வரும் பிழைக்குறி பாதி வழியைக் காட்டும். சாம்சங் மெஷின்களில் எச்இ அல்லது எச்சி என்பது ஹீட்டர் பகுதியையும், எல்ஜியில் டிஇ என்பது வெப்ப சென்சார் பகுதியையும் சுட்டும். குறி சொல்வது பகுதியை மட்டுமே. அந்தப் பகுதியில் கெட்டது பாகமா, இணைப்பு ஒயரா, போர்டா என்பதை அளந்துதான் அறியவேண்டும்.

மூடியைத் திறக்காமலே

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். 60 டிகிரி புரோகிராமில் ஓடவிட்டு 25 நிமிடம் கழித்துக் கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதியைத் தொட்டால் நல்ல சூடு தெரியவேண்டும். கண்ணாடி சில்லென்று இருந்தால் ஹீட்டர் ஓடவில்லை. வெதுவெதுப்பு மட்டும் இருந்தால் ஹீட்டர் ஓடுகிறது, வேகம் போதவில்லை.

இதைவிடத் துல்லியமான சாட்சி வீட்டு மின்சார மீட்டர். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் அதன் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 1600, 3200 போன்றவை வழக்கமானவை. ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீர் ஏறி முடிந்து ஐந்து நிமிடம் ஆனபின் ஒரு நிமிடத்துச் சிமிட்டல்களை எண்ணினால் போதும். 3200 என்று குறித்த மீட்டரில் 2,000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 107 சிமிட்டல் வரும். மோட்டார் மட்டும் 200 வாட் அளவில் ஓடினால் பத்து, பதினொன்றுதான். 1600 மீட்டரில் இவை பாதியாகும். நூற்றை ஒட்டி வந்தால் ஹீட்டரும் ரிலேயும் நலம். சந்தேகம் சென்சார் பக்கமோ தண்ணீர் பக்கமோ போகவேண்டும். பத்தோடு நின்றால் ஹீட்டருக்கு மின்சாரம் ஓடவில்லை. ஐம்பது, அறுபது என்று நடுவில் நின்றால் மெஷினைத் திறக்க வேண்டியதில்லை; குற்றம் பெரும்பாலும் வோல்டேஜில் இருக்கும்.

குளிரும் குறைந்த வோல்டேஜும்

ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர் 200 வோல்ட்டில் சுமார் 1,500 வாட்தான் தரும். 170 வோல்ட்டில் அது 1,100 வாட்டை ஒட்டி இறங்கிவிடும். வோல்டேஜ் கால்பங்கு குறைந்தால் சூடு ஏறக்குறைய பாதியாகிறது. அதே நேரம் மோட்டாரும் திரையும் எப்போதும்போல ஓடிக்கொண்டிருப்பதால், குறை மெஷினில்தான் என்று தோன்றும்.

தண்ணீரின் குளிர்ச்சியும் இதோடு சேர்கிறது. 15 லிட்டர் தண்ணீரைச் சமவெளியில் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 17 நிமிடம் போதும். மலையில் தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால் அதே வேலைக்கு 24 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் வோல்டேஜ் 170 ஆக இருந்தால் 43 நிமிடம். துணியும் டிரம்மும் இழுத்துக்கொள்ளும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சூடேற்ற இவ்வளவு நேரம்தான் என்று மெஷினுக்குள் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு தாண்டினால் சில மெஷின்கள் பிழைக்குறி காட்டி நிற்கும். சில, கிடைத்த சூட்டோடு துவைத்து முடித்துவிடும். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ குளிர்காலத்து மாலையில் பிழைக்குறி காட்டிய மெஷின், மறுநாள் நண்பகலில் ஒழுங்காக ஓடினால் அதில் பழுதே இல்லாமல் இருக்கலாம்.

இதைச் சோதிக்க மெஷின் செருகியிருக்கும் சுவிட்ச் போர்டிலேயே வோல்டேஜைப் பார்க்கவேண்டும். ஹீட்டர் ஓடாதபோது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை. இரண்டு நேரத்திலும் 170 என்றால் குறை மின்வாரிய லைனில். ஓடாதபோது 215, ஓடும்போது 185 என்று விழுந்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் மெலிந்தது. ஹீட்டர் 8 முதல் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கும், அதற்குத் தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும்தான் அதற்கு ஏற்றவை. டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பிளக் உருகும். டிவி, ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரும், வீட்டு இன்வெர்ட்டரும் இந்தச் சுமையைத் தாங்கா. ஸ்டெபிலைசர் வைப்பதானால் மூன்று கேவிஏ அளவாவது வேண்டும்.

தண்ணீர் தங்குகிறதா?

கழிவுநீர்க் குழாயின் முனை தரையிலேயே கிடந்தால் தொட்டித் தண்ணீர் தானாக வெளியே உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். மட்டம் குறையக் குறைய மெஷின் புதிய குளிர்ந்த நீரை எடுக்கும். ஹீட்டர் சூடேற்றியது சாக்கடையில் போகும். குழாயின் வளைவு தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். துவைக்கும் நேரத்தில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினாலும் இதுதான் காரணம்.

தண்ணீர் மெதுவாக ஏறுவதும் கவனிக்கத்தக்கது. மட்டம் வரும்வரை ஹீட்டர் ஓடாது. வீட்டுக் கூரைமேல் மூன்று மீட்டர் உயரத்தில் வைத்த தொட்டி 0.3 பார் அழுத்தம்தான் தரும். பல மெஷின்களுக்கு அது விளிம்பு அளவு. மழைக்காலத்தில் மண் கலங்கி வரும் நீர், மெஷினின் நுழைவாயிலில் உள்ள சல்லடையை அடைத்துவிட்டால் அதுவும் கிடைக்காது. குழாயைக் கழற்றிச் சல்லடையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது ஐந்து நிமிட வேலை.

ஹீட்டரை அளத்தல்

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் மீட்டர் சிமிட்டல் கூடவில்லை என்றால்தான் மெஷினைத் திறக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை அடைத்து, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்து, சில நிமிடம் பொறுக்கவேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கைவைப்பது ஆபத்து. மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, அதுவரை அறிந்ததை மெக்கானிக்கிடம் சொல்வதே நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத மெஷினைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடவும் கூடும்.

ஹீட்டரின் முனைகள் சில மெஷின்களில் பின் தகட்டைக் கழற்றினால் தெரியும். சிலவற்றில் முன்பக்கம் இருக்கும். ஓரங்களில் இரண்டு மின்முனைகள், நடுவில் எர்த் முனையும் இறுக்கும் நட்டும் என்பது வழக்கமான அமைப்பு. முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். செருகியிருக்கும் ஒயர் முனை கறுத்து, பிளாஸ்டிக் இளகியிருந்தால் இணைப்பு தளர்ந்து எரிந்திருக்கிறது. ஹீட்டர் நன்றாகவே இருக்கலாம். அடிப்பக்கம் திறந்த மெஷின்களில் எலி புகுந்து ஒயரைக் கடித்திருப்பதும் சகஜம்.

பிறகு ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து இரு மின்முனைகளுக்கும் இடையே அளக்கவேண்டும். 2,000 வாட் ஹீட்டர் 26 ஓமையும், 1,800 வாட் ஹீட்டர் 29 ஓமையும் ஒட்டிக் காட்டும். எதையும் காட்டாமல் மீட்டர் வெறும் ‘1’ என்றோ ‘ஓஎல்’ என்றோ நின்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, ஹீட்டர் மாற்றவேண்டியதுதான். சில ஹீட்டர்களுக்குள் சூடு மீறினால் அறுந்துவிடும் ஃபியூஸ் இருக்கும். அது போனாலும் இதே அளவுதான் வரும். அப்போது ஃபியூஸ் ஏன் போனது என்றும் தேடவேண்டும்.

அடுத்து ஒவ்வொரு மின்முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே மெகா ஓம் அளவில் பார்க்கவேண்டும். இங்கே எதுவும் காட்டாமல் இருப்பதே நல்லது. சில ஆயிரம் ஓம் காட்டினாலும் மின்சாரம் மெஷினின் உடலுக்குக் கசிகிறது என்று பொருள். குளிர்நீர் புரோகிராமில் ஒழுங்காக ஓடி, சூட்டுப் புரோகிராமில் மட்டும், தண்ணீர் ஏறிச் சில நிமிடத்தில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்தால் காரணம் இந்தக் கசிவுதான். பல மாதம் ஓடாமல் கிடந்த மெஷினில், மழையும் மூடுபனியும் சேர்ந்த ஈரக்காற்றை ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு உறிஞ்சிக்கொள்வதாலும் கசிவு வரும். ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாக இணைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

சென்சார்

வெப்ப சென்சார் சிறு உலோகக் குச்சி; பெரும்பாலும் ஹீட்டரின் நடுவிலேயே ரப்பருக்குள் செருகியிருக்கும். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகத் தெரியும். உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் பூஜ்யத்தை நெருங்கும், தண்ணீர் கொதிக்கிறது என்று போர்டு எண்ணி ஹீட்டரை ஓட்டவே ஓட்டாது. பல மெஷின்கள் இந்த இரண்டையும் கண்டுபிடித்துப் பிழைக்குறி காட்டிவிடும். கண்டுபிடிக்கக் கடினமானது மூன்றாவது வகை: சென்சார் இருக்கும், அளவு மட்டும் பிசகும்.

எத்தனை ஓம் காட்டவேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகையானால் 60 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓமுக்கு இறங்கும். சரியான எண் தெரியாவிட்டாலும் போக்கைப் பார்க்கலாம். கழற்றிய சென்சாரின் உலோக முனையை மட்டும் வெந்நீர் டம்ளரில் முக்கி மல்டிமீட்டரைப் பார்த்தால் எண் தடங்கலின்றி இறங்கவேண்டும்; நீர் ஆற ஆற மெதுவாக ஏறவேண்டும். நடுவில் துள்ளினால், ஒரே இடத்தில் நின்றால் சென்சார் சரியில்லை.

கொதிக்கும் நீரை வைத்துச் சரிபார்ப்பவர்கள் மலையில் ஒன்றை மறக்கக்கூடாது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் 1,200 மீட்டரில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 96 டிகிரியில் கொதித்துவிடும். சென்சார் கொதிநீரில் 96 டிகிரிக்கு உரிய தடையைக் காட்டினால் அது பிழையாகாது. இன்னொன்று: 95 டிகிரி புரோகிராம் சமவெளியில் கொதிநிலைக்கு ஐந்து டிகிரி கீழே நிற்கும், கொல்லிமலையில் அது கிட்டத்தட்ட கொதிநிலையே. சென்சார் கொஞ்சம் பிசகினாலும் உள்ளே நீர் கொதித்து ஆவி வெளியே வரும். மலையில் அந்தப் புரோகிராமைத் தவிர்த்து 60 டிகிரியோடு நிறுத்துவது மெஷினுக்கும் ரப்பருக்கும் நல்லது. தூசிப்பூச்சிகள் சாவதற்கும் அந்தச் சூடே போதும்.

ரிலேயும் போர்டும்

ஹீட்டர், ஒயர், சென்சார், மட்டம் எல்லாம் சரி என்றான பிறகே போர்டைச் சந்தேகிக்கவேண்டும். இருப்பதில் விலை கூடியது அதுதான். முதலில் மாற்றச் சொல்லப்படுவதும் பல நேரம் அதுதான். ஹீட்டர் ஓடத் தொடங்கும் நேரத்தில் போர்டிலிருந்து ‘டிக்’ என்ற ஒலி வரும். ஒலி வந்தும் ஹீட்டருக்கு மின்சாரம் போகாவிட்டால் ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கலாம், அல்லது அதன் காலில் சால்டரிங் விட்டிருக்கலாம். ஹீட்டர் முனையில் மின்சாரம் வருகிறதா என்று ஓடும்போதே அளப்பது எலெக்ட்ரீஷியன் மட்டும் செய்யவேண்டிய சோதனை. முனையில் 230 வோல்ட் இருந்து சூடு வரவில்லை என்றால் குற்றம் ஹீட்டரில். வோல்ட்டே இல்லை என்றால் குற்றம் அதற்கு முன்னால். ரிலே மட்டும் போயிருந்தால் போர்டு ரிப்பேர் செய்யும் கடையில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரிலே ஒட்டிக்கொண்டால் நிலைமை தலைகீழ்: குளிர்நீர் புரோகிராமிலும் தண்ணீர் சுடும். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பது போர்டைக் காக்கும் எளிய பழக்கம்.

உப்புப் படிவு

ஹீட்டர் ஏன் அறுந்தது என்று பாராமல் புதிதை மாட்டினால் அதுவும் நாளடைவில் அறுந்துபோகும். பெரும்பாலான நேரம் காரணம் உப்புப் படிவு. நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து ஹீட்டர்மேல் காரையாகப் படியும். சூடு நீருக்குப் போகாமல் குழாய்க்குள்ளேயே தேங்கி, கம்பி வெந்து அறுந்துவிடும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. ஊற்றுநீரைவிடப் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கிய போர் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. கழற்றிய ஹீட்டரில் வெள்ளைப் பொருக்கு முட்டை ஓட்டின் கனத்துக்கு இருந்தால் வீட்டுத் தண்ணீர் கடினமானது என்று முடிவு செய்யலாம்.

துணி போடாமல், சோப்புப் போடாமல், 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டினால் மெல்லிய படிவு கரையும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இதுதான். கடின நீர் உள்ள வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். பிளீச்சிங் பவுடரையோ வேறு ரசாயனத்தையோ இதோடு கலக்கக்கூடாது, நச்சுவாயு வரும்.

மாற்றும்போதும் மாற்றியபின்னும்

ஹீட்டரைக் கழற்றுமுன் ஒயர்கள் இருந்த இடத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். நடு நட்டை முழுதும் கழற்றாமல் தளர்த்தி, திருகாணியை உள்ளே தட்டினால் ரப்பர் தளர்ந்து ஹீட்டர் வெளியே வரும். புதிய ஹீட்டர் அதே வாட், அதே நீளம், அதே சென்சார் துளை கொண்டதாக இருக்கவேண்டும். உள்ளே தொட்டியின் அடியிலுள்ள கவ்வியில் ஹீட்டரின் நுனி சரியாக நுழையாவிட்டால், அது தூக்கிக்கொண்டு டிரம்மில் உரசும். ரப்பரில் சோப்பு நீர் தடவி அழுத்தி, நட்டை இறுக்கி, தண்ணீர் ஏற்றி, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மூடியை மாட்டவேண்டும். பிறகு மறுபடி மீட்டர் சிமிட்டலை எண்ணி, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் வேலை முடிந்ததா என்று தெரிந்துவிடும்.

கீழிருந்து மெக்கானிக்கை அழைப்பவர்கள் தொலைபேசியில் ஐந்து தகவலைச் சொன்னால் சரியான பாகம் முதல் பயணத்திலேயே வந்துசேரும்: தகட்டிலுள்ள முழு மாடல் எண், திரையில் வந்த பிழைக்குறி, சூட்டு நேரத்தில் மீட்டர் நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டியது, அந்த நேரத்து வோல்டேஜ், ஆர்.சி.சி.பி. விழுகிறதா இல்லையா. ஹீட்டரை அளந்து பார்த்திருந்தால் அந்த ஓம் எண்ணையும் சேர்த்துச் சொல்லலாம்.